இந்தத் தடவை மாலை இல்லை

ராமநாதபுரம் சிறை
14.11.2025

லட்சுமிக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும். இன்னொரு தாள் கேட்க வெட்கமாக இருந்தது. இங்கே எந்தக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அதனால் நான் எழுதுவதை உனக்கு முன்னால் இன்னொருவர் படித்திருப்பார். அதை நினைத்து நினைத்தே எட்டு நாள் போய்விட்டது.

நடந்ததை வக்கீலம்மா சொல்லியிருப்பார். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன். போன வியாழன் காலை தாஹா முதலாளியின் போட்டில் கரை வந்தோம். நான் நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏட்டு ஒருவர் வந்து, "அக்காமடம் காளிதாஸ் யாருய்யா?" என்றார். எழுந்தேன். "வாரண்ட் இருக்கு. பிள்ளைக்குச் சோத்துக்குக் காசு கட்டலயாமுல்ல நீ? நட" என்றார். துறைமுகத்தில் அத்தனை பேரும் கையில் மீனோடு நின்று பார்த்தார்கள். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா நிதானமாகத்தான் பேசினார். மகள் சேதுவுக்கு மாதம் நாலாயிரம் கொடுக்கச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, பதினோரு மாதம் கட்டவில்லை, நோட்டீஸ் மூன்று முறை போயிருக்கிறது, இப்போதாவது கட்டுகிறீர்களா என்று கேட்டார். "உள்ள போறேம்மா" என்றேன். உன் வக்கீலம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போட்டில் எல்லோரும் சொல்வதுதான், உள்ளே இருந்துவிட்டால் பாக்கி கழிந்துவிடும் என்று. மூன்று மாதம் போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி ஐந்தாம் தேதி நீயும் நானும் சரிக்குச் சரி. அதற்குப் பிறகு மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேன். இது சத்தியம்.

சிறை எனக்குப் புதிது இல்லை, உனக்குத் தெரியும். 2019இல் எல்லை தாண்டினேன் என்று ஸ்ரீலங்காக்காரன் கடலில் பிடித்து, யாழ்ப்பாணத்தில் நாலு மாதம் கிடந்தேன். ஆனால் அப்போது ஊரே போட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தது. பேப்பரில் பெயர் வந்தது. திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள். சேதுவைத் தோளில் தூக்கி வைத்தேன். அவள் அந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். ஆறு வயது அப்போது. அங்கே சோறு வாயில் வைக்க விளங்காது, காவலர்களின் சிங்களம் புரியாது, ஆனாலும் தலை நிமிர்ந்து இருந்தேன். இங்கே சோறு பரவாயில்லை. தலைதான் நிமிரவில்லை.

எழுதியது இதற்காகத்தான். சேதுவிடம் இந்தக் கேஸைச் சொல்லாதே. அப்பாவைக் கடலில் பிடித்துவிட்டார்கள், ஸ்ரீலங்காவில் இருக்கிறார் என்று சொல். நம் கரையில் அது யார் வீட்டிலும் நடப்பது. யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு அருகதை கிடையாது. ஆனாலும் கேட்கிறேன்.

காளிதாஸ்


வாலிநோக்கம்
24.11.2025

காளிதாஸ் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுதிப் பழகிய கை. இப்போது பெயரை எழுதினால் தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. இருக்கட்டும், மனுக்கள் எழுதித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

கடிதம் வந்தது. உறையில் சிறை முத்திரை. தபால் கொண்டுவரும் சுகந்தி அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சேது தண்ணீர் எடுக்கப் போகும்வரை தெருமுனையில் நின்று, பிறகு வந்து கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளாகவே சொன்னாள்.

நீங்கள் கேட்ட பொய்யை நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம். உங்களைப் பிடித்த அன்றைக்கே, சாயங்காலம் சேது பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா போனு ஸ்விட்ச் ஆப்னு வருது, ஏம்மா?" என்றாள். அவளை நான் எதிரே உட்கார வைத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு வரவேண்டிய காசுக்காக உன் அப்பாவைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது நான்தான் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்தது, "ஸ்ரீலங்காக்காரன் பிடிச்சிட்டான்." பிள்ளை ராத்திரி முழுக்க அழுதாள். நீங்கள் என்னை அறைந்த அன்றுகூட அப்படி அழவில்லை. உங்களை விட்டு இங்கே வந்து மூன்று வருடத்தில் உங்களுக்காக நான் சொன்ன பொய்களை எழுதினால் இந்தத் தாள் போதாது. இதுதான் பெரியது.

அடுத்தது கேளுங்கள். பிப்ரவரி ஐந்தாம் தேதி சரிக்குச் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு சொன்னார். உள்ளே இருப்பது கட்டாமல் இருந்ததற்கு உள்ள தண்டனை. அதனால் ஒரு ரூபாய்கூடக் கழியாது. பதினோரு மாதமும் அப்படியே நிற்கும். நீங்கள் உள்ளே இருக்கும் மாதங்களும் அதோடு சேரும். கட்டவில்லை என்றால் மறுபடி மனு, மறுபடி வாரண்ட். உங்கள் பேரில் இருக்கும் சாமானை ஜப்தி செய்யவும் முடியுமாம். என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்றேன்.

ஆனால் காசு இருந்தது, இல்லையா? ஆவணியில் கோகிலா மகள் காதுகுத்துக்கு நீங்கள் கொண்டுபோன தாய்மாமன் சீர் என் போனுக்கும் வந்தது. முப்பத்தொரு தட்டு. வெடி, மேளம், மூணு ரோட்டிலும் ஃபிளெக்ஸ். 'தாய்மாமன் காளிதாஸ்' என்று கைகூப்பி நிற்கிறீர்கள், கண்ணாடியெல்லாம் போட்டுக்கொண்டு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது.

இங்கே மழை விழுந்து உப்பளம் மூடிவிட்டது. தை வரைக்கும் வேலை இல்லை. கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன்.

முருகலட்சுமி


ராமநாதபுரம் சிறை
5.12.2025

லட்சுமிக்கு,

கழியாது என்றால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? உன் கடிதம் வந்த முதல் நாள் இப்படித்தான் கத்தினேன், சுவரைப் பார்த்து. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் யார் காலிலாவது விழுந்து பாதியாவது புரட்டியிருப்பேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. மூன்று நோட்டீஸ் வந்தது. முதலாவதை மட்டும் பிரித்தேன். மற்ற இரண்டும் பிரிக்காமலே அலமாரியின் மேல் கிடக்கின்றன.

சீரைப் பற்றி எழுதியிருந்தாய். தாஹா முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் செய்தேன். கோகிலா மாப்பிள்ளை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியும். தாய்மாமன் வெறுங்கையோடு வந்தான் என்று சொன்னால் அவள் ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலை தூக்க முடியாது. உடன்பிறந்தவளுக்கு நான் ஒருத்தன்தான். உன் கல்யாணத்துக்கு உன் தாய்மாமன் என்ன கொண்டுவந்தார் என்று நீயே எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாய்?

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வக்கீல் வைத்து வாதாடுவது போல இருக்கிறது. தீர்ப்பு வந்தபிறகு என்ன வாதம்?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த அறையில் ஆறு பேர். வந்த அன்றைக்கே என்ன கேஸ் என்று கேட்டார்கள். "அடிதடி" என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் ஒருவன் மண்டையை உடைத்தேன் என்றேன். உடனே இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நேற்று இங்கே ஒருவன் ஜீவனாம்சக் கேஸில் வந்து சேர்ந்தான், திருவாடானைப் பக்கத்துக்காரன். அவனிடம் உண்மையைச் சொல்லும் யோக்கியம் இருந்தது. "ஏலே, பெத்த பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தாதவன் வந்துருக்கான்டா" என்று ஒருவன் ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், லட்சுமி.

சேது எப்படி இருக்கிறாள்? அரைப் பரீட்சை வந்திருக்குமே.

காளிதாஸ்


வாலிநோக்கம்
21.12.2025

காளிதாஸ் அவர்களுக்கு,

சேது எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். உங்களால் அவள் பள்ளிக்கூடத்திலேயே பெரிய ஆளாகிவிட்டாள்.

நான் சொன்ன பொய்யை அவள் தன் கணக்கு டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் நல்லவர். தினமும் காலை பிரேயரில், 'நம் ஏழாம் வகுப்பு சேதுலட்சுமியின் தந்தை பத்திரமாகத் திரும்ப வேண்டும்' என்று எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடச் சொல்கிறார். முன்னூறு பிள்ளைகள் உங்களுக்காகக் கண்ணை மூடுகிறார்கள். வகுப்பில் காசு சேர்த்து அறுநூற்று முப்பது ரூபாய் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கினேன். வீட்டில் அரிசி இல்லை, அதில்தான் வாங்கினேன்.

அதோடு விட்டதா? போன செவ்வாய் மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இலங்கைச் சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசாங்கம் தினப்படி கொடுக்குமே, அதற்கு மனு எழுத ஆதார் கார்டும் போட் நம்பரும் கேட்டார். "ஒங்க வீட்டுக்காரரு பேரு லிஸ்டுலயே இல்லயேம்மா, விட்டுட்டாங்க போல. நாம விடப்படாது. கையெழுத்துப் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். பக்கத்தில் சேது பேனாவை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள். போட்டால் அரசாங்கத்தை ஏமாற்றிய கேஸில் நானும் உள்ளே வரவேண்டியதுதான். "அவுங்க அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். உங்களுக்கு அண்ணனே கிடையாது என்று சேதுவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. டீக்கடைக்குப் போய்த் தினமும் பேப்பர் பார்க்கிறாள். யாரை எங்கே பிடித்தார்கள், யாரை விட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். எந்தப் பட்டியலிலும் நீங்கள் இல்லை. ஒருநாள், "ஆகஸ்ட்ல போன் பண்ணப்பவும் அப்பா எடுக்கலேல்ல" என்றாள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தாளே, அந்த மைதானத்திலிருந்து டீச்சர் போனில் உங்களைக் கூப்பிட்டாள். என்னைக்கூட முதலில் கூப்பிடவில்லை. நீங்கள் எடுக்கவில்லை. "அப்பா கடல்ல இருந்திருப்பாரு, அங்கன சிக்னல் கிடைக்காது" என்று சொல்லித் தேற்றினேன். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். நான் ஒன்பதைத் தாண்டிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? நீங்கள்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.

முருகலட்சுமி


ராமநாதபுரம் சிறை
2.1.2026

லட்சுமிக்கு,

எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். 'அன்புள்ள சேதுவுக்கு' என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை.

இன்னும் முப்பத்து நாலு நாள்தானே? அதுவரைக்கும் தாக்குப் பிடி. சங்கத்துக்காரரிடம் போட் நம்பர் தெரியாது என்று சொல். அவள் பேப்பர் பார்க்காமல் பார்த்துக்கொள். நான் வெளியே வந்ததும் நேராக அங்கே வருகிறேன். வழியில் ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு, விட்டுவிட்டார்கள் என்று சொல்லி வந்து நிற்கிறேன். அதோடு இந்தப் பேச்சே முடிந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதும்போதே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அவள் ஒருத்தி என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

காளிதாஸ்


வாலிநோக்கம்
17.1.2026

சேதுவின் அப்பாவுக்கு,

நீங்கள் மாலை வாங்க வேண்டியதில்லை. சேது வாங்கிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் தேதி, யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்பது பேரை விட்டிருந்தார்கள். அன்று காலை ராமேஸ்வரம் வருகிறார்கள் என்று முதல்நாள் பேப்பரில் இருந்ததாம். பெயர் போடவில்லை, 'ஒன்பது மீனவர்கள்' என்று மட்டும். அவளுக்கு அது போதும். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிப் பையோடு கிளம்பினாள். கீழக்கரை போய், அங்கிருந்து ராமநாதபுரம் போய், பஸ் ஸ்டாண்டில் தன் உண்டியல் காசில் ஒரு செவ்வந்தி மாலை வாங்கியிருக்கிறாள். அவள் மாலை வாங்கிய அதே ஊரில்தான் நீங்கள் இருந்தீர்கள். அங்கிருந்து உங்களை விட்டுத் தள்ளித் தள்ளி ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறாள், உங்களைப் பார்க்க.

மற்றதைத் தாஹா முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் துறைமுகத்தில் நின்றிருக்கிறார். வேன் வந்ததும் ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் வீட்டார் ஓடிப்போய் மாலை போட்டார்கள். யூனிஃபார்மில் ஒரு பிள்ளை மட்டும் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒன்பதாவது ஆளும் இறங்கியாயிற்று. டிரைவர் கதவைச் சாத்திவிட்டார். இவள் கதவைத் தட்டி, "உள்ள இன்னும் ஒராளு இருக்காரு, எங்கப்பா. அக்காமடம் காளிதாஸ்" என்றிருக்கிறாள்.

முதலாளி ஓடிப்போய்க் கூட்டிவந்து, ஓரமாக உட்கார வைத்து, உள்ளதைச் சொல்லிவிட்டார். அவரே பைக்கில் இங்கே கொண்டுவந்து விட்டார். "மன்னிச்சுக்க தங்கச்சி. எங்கப்பா எங்கனனு மூஞ்சியப் பார்த்துக் கேக்குது. பொய் சொல்ல அல்லாஹ் எனக்கு வாயக் குடுக்கல" என்றார். வாசலில் நின்றேன், அந்த மனிதரை உள்ளே வாருங்கள் என்று சொல்லக்கூட என் முகம் எழவில்லை.

சேது அழவில்லை. கை கால் கழுவினாள். சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுக்காம்மா?" என்றாள். எனக்குப் புரிந்தது. புரியாதது போல இருந்தேன். "நான் சாப்பிடுறதுக்காம்மா அப்பா ஜெயில்ல இருக்காரு?" என்று முழுசாகக் கேட்டாள். இல்லையம்மா, கொடுக்காததுக்கு என்று சொன்னேன். கேஸ் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். மறுநாள் மத்தியானம்தான் சாப்பிட்டாள். அந்த மாலையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டு, அது தின்று முடிக்கிறவரை நின்று பார்த்தாள்.

திங்கட்கிழமை பிரேயரில் டீச்சர் வழக்கம்போல எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லியிருக்கிறார். இவள் வரிசையை விட்டு முன்னால் போய், "டீச்சர், எங்கப்பாவுக்கு வேணாம். அவரு ஸ்ரீலங்கால இல்ல, ராம்நாட்டு ஜெயில்ல இருக்காரு. எனக்குக் கட்டச் சொன்ன காசக் கட்டல. பிள்ளைக குடுத்ததத் திருப்பிக் குடுத்துர்றோம்" என்றிருக்கிறாள். முன்னூறு பேருக்கு முன்னால். அப்பனும் ஆத்தாளும் ரெண்டு மாதமாகச் சொல்ல முடியாததை அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். டீச்சர் வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. தோட்டை அடகு வைத்து அந்த அறுநூற்று முப்பதையும் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு எழுதப் போகிறேன், ஏதாவது சொல்லவேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு தன் நோட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஆகஸ்ட் இருபத்தொம்பது மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நான் போன் பண்ணப்ப அப்பா எங்கன இருந்தாருனு கேளு. வேற ஒண்ணும் வேணாம்."

முருகலட்சுமி


ராமநாதபுரம் சிறை
27.1.2026

லட்சுமிக்கு,

இதை நீ முதலில் படித்துவிட்டு, பிறகு சேதுவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. எனக்காக இரக்கப்பட்டு எந்த வரியையும் விட்டுவிடாதே. நீ அப்படிச் செய்யக்கூடியவள்.

முதலில் உனக்கானதை எழுதிவிடுகிறேன். என் பேரில் சாமான் ஒன்றும் இல்லை என்று வக்கீலம்மாவிடம் சொன்னாய் அல்லவா? இருக்கிறது. நாட்டுப் படகின் பின்னால் மாட்டும் ஒரு அவுட்போர்டு இஞ்சின், என் பேரில் பில்லோடு. முதல் நோட்டீஸைப் பிரித்த அன்றே அதைக் கோகிலா வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். மற்ற இரண்டு நோட்டீஸையும் நான் ஏன் பிரிக்கவில்லை என்பதும் இதில் இருக்கிறது. இங்கே அதிகாரியிடம் சொல்லி, நடந்ததை ஒரு மனுவாக எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வக்கீலம்மாவிடம் சொல், அவர் ஜப்திக்குப் போடட்டும். கோகிலா உன்னிடம் சண்டைக்கு வந்தால், எடுக்கச் சொன்னது நான்தான் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. பாதிப் பாக்கியாவது அதில் வரும். மீதிக்கு என் பங்கில் பிடித்து நேராக உன் கணக்கில் போடும்படி தாஹா முதலாளிக்கும் எழுதிவிட்டேன். என் கைக்கு வந்தால் அது உன் கைக்கு வராது. என்னை எனக்குத் தெரிந்துவிட்டது.

அறையில் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டேன். நான் யார் மண்டையையும் உடைக்கவில்லை, திருவாடானைக்காரன் கேஸ்தான் என் கேஸும் என்று. சிரித்தார்கள். அந்தத் திருவாடானைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவனைப் பார்க்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்னூறு பிள்ளைகளுக்கு முன்னால் பேசியவளுக்கு அப்பன் நான். ஆறு பேருக்கு முன்னால் பேச எனக்கு எண்பது நாள் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் தேதி வெளியே வருகிறேன். அங்கே வரமாட்டேன். என்னைப் பார்க்க வேண்டுமா என்று சேது முடிவு பண்ணட்டும். வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்.

இனி அவள் கேட்டதற்கு.

சேது, ஆகஸ்ட் இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை. உன் அத்தை மகளுக்குக் காதுகுத்து. பன்னிரண்டு மணிக்குச் சீர்த்தட்டுகள் கோவில் வாசலுக்கு வந்துவிட்டன. மைக்கில், "தாய்மாமன் காளிதாஸ் மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். நான் எடுத்தேன், சேது. அது உனக்குத் தெரியாது. எடுத்துக் காதில் வைத்தேன். வெடிச் சத்தத்தில் உனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும், லைன் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். ஆனால் நீ "அப்பா" என்றது எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கையில் பட்டுத்துணித் தட்டை வைத்துக்கொண்டு, சுற்றி ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இல்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கட் செய்தேன். நீ ஓட்டத்தில் ஜெயித்ததைச் சொல்லக் கூப்பிட்டாய் என்பது, அம்மா டிசம்பரில் எழுதியபோதுதான் எனக்குத் தெரியும்.

உன்னை மறந்து சீர் செய்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். மறக்கவில்லை. அந்த முப்பத்தொரு தட்டையும் உன் ஞாபகத்தோடுதான் சுமந்தேன்.

அப்பா கடலில் இருந்திருப்பார், அங்கே சிக்னல் கிடைக்காது என்று உனக்கு அம்மா சொன்னாள் அல்லவா? அவள் அறியாமல் சொன்னது. அவள்மேல் கோபப்படாதே. அன்றைக்கு நான் கடலுக்குப் போகவில்லை, சேது. சிக்னல் நன்றாக இருந்தது.

அப்பா